ஸ்டெல்லா, சால்டிகா, வான் ஸ்டால், ஸ்லாமர்: உப்புநீருக்கு எந்த ரீல்?

தூண்டிலில் நூல் சுற்றும் விலையுயர்ந்த மீன்பிடி ரீல் ஒன்றைக் கடையில் கையில் எடுத்ததும் பெரும்பாலும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கைப்பிடியைச் சுண்டிவிட்டு, எவ்வளவு நேரம் சத்தமில்லாமல் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். ஷிமானோ ஸ்டெல்லா அந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும். வான் ஸ்டால் தேறாது. நீரைத் தடுக்கும் ரப்பர் சீல்களின் பிடிப்பால் ஒரு சுற்றுகூடத் தானாக ஓடாமல் நின்றுவிடும். அந்தச் சுழற்சி நமக்குச் சொல்வது கிரீஸ் எவ்வளவு இளக்கம், சீல் எவ்வளவு உரசுகிறது, கியர் பற்கள் எவ்வளவு நுணுக்கமாக வெட்டப்பட்டிருக்கின்றன என்பதைத்தான். இரண்டு மூன்று ஆண்டு உப்புநீருக்குப் பிறகு அந்த ரீல் என்ன ஆகும் என்பதைப் பற்றி அதில் ஒரு தகவலும் கிடையாது.

இங்கே ஒப்பிடுவது கடலுக்கான நான்கு பெரிய ஸ்பின்னிங் ரீல்களை: ஷிமானோவின் ஸ்டெல்லா, டைவாவின் சால்டிகா, வான் ஸ்டால், பென்னின் ஸ்லாமர். 14000 என்கிற அளவெண்ணும் அதை ஒட்டியவையும். பாப்பர் (நீர்மேல் துள்ளும் செயற்கை இரை) வீசிப் பாரை பிடிப்பவர், ஜிக் (ஆழத்தில் இறக்கும் கனமான இரை) இறக்கிச் சூரை பிடிப்பவர், பாறைமேல் நின்று அலைக்குள் வீசுபவர் ஆகிய மூவரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு காசு கொடுத்தால் என்ன கிடைக்கிறது? கொடுக்கிற காசில் பெரும்பகுதி கியருக்கும் உடலின் விறைப்புக்கும் போகிறது. ஆனால் ரீல் பழுதாவது பெரும்பாலும் கியரில் தொடங்குவதில்லை. ஓரத்தில் இருக்கிற சின்னச் சாமான்களில்தான் தொடங்குகிறது. அதனால் முதலில் அந்த ஓரங்களைப் பார்த்துவிட்டு ரீல்களுக்கு வருவோம்.

முதலில் போவது எது?

லைன் ரோலர். பெயில் என்பது நூலை ஸ்பூலில் (நூல் சுற்றும் உருளையில்) சுற்றவைக்கிற வளைந்த கம்பி; அதன் கையின் முனையில் இருக்கிற அந்தச் சின்ன ஸ்க்ரூவைக் கழற்றினால் ஒரு ரோலர், ஒன்றோ இரண்டோ பேரிங், மெல்லிய வாஷர்கள், ஒரு பிளாஸ்டிக் புஷிங் வெளியே வரும். மொத்தமும் ஒரு விரல் நகத்தின் மேல் அடங்கிவிடும். பின்னி நெய்த பிரெய்டு நூல் கடலிலிருந்து ஏறி வரும்போது சுமந்துகொண்டு வருகிற தண்ணீர் முதலில் பிழியப்படுவது இந்த இடத்தில்தான். ரீலின் உடலுக்குள் ஒரு சொட்டு நுழைய முப்பது தடை வைத்திருப்பார்கள். இங்கே ஒவ்வொரு வீச்சுக்கும் உப்புநீர்க் குளியல். சரியாகக் கழுவாத ரீலில் இந்த பேரிங்கைத் திறந்தால் பந்துகளுக்கு நடுவே வெள்ளையாக உப்புத்தூளும், அதன் கீழே பழுப்பாகத் துருவும் தெரியும்.

இதில் தொல்லை என்னவென்றால், ரோலர் நின்றுபோனாலும் கைக்குத் தெரியாது. கைப்பிடி அதே மென்மையோடு சுற்றும். நூல் மட்டும் சுழலாத உலோகத்தின் மேல் தேய்ந்து, சூடேறி, பிசிறு பிசிறாக வரும், முறுக்கும் ஏறும். பெரிய மீன் ஓடுகிற அன்று அறுந்தால் பழியை நூல் கம்பெனி மேல் போட்டுவிடுவோம். ரோலரின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, நூலைக் கொஞ்சம் அழுத்தத்தோடு இழுத்துப் பாருங்கள். புள்ளி சுற்றவில்லையென்றால் பேரிங் போய்விட்டது. சில புதிய ரீல்களில் இந்தப் பகுதியை ஒரே துண்டாகக் கட்டி, ‘பிரிக்காதே’ என்று கையேட்டிலேயே எழுதிவிடுகிறார்கள். இந்த விலையில் இருக்கிற ரீலில் அதிகம் தேயும் சாமானை வாங்கியவரே மாற்ற முடியாது என்பதை நான் வடிவமைப்புக் குறை என்றுதான் சொல்வேன், அதற்கு எந்தப் பெயர் வைத்து விற்றாலும்.

இரண்டாவது, கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கிற ரோலர் கிளட்ச். சாய்வான குழிகளில் சின்னச் சின்ன உருளைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் மெல்லிய ஸ்பிரிங். முன்பக்கம் சுற்றினால் உருளை தளர்ந்து விலகும்; பின்பக்கம் சுற்றினால் குறுகலான பக்கம் போய் இறுகிக்கொள்ளும். இதற்கு வேண்டியது லேசான எண்ணெய், அதுவும் ஒரு துளி. அன்பு மிகுதியில் யாராவது கிரீஸ் வைத்துவிட்டால் உருளைகள் ஒட்டிக்கொண்டு, இறுக வேண்டிய நேரத்தில் இறுகாது. குளிரில் கிரீஸ் கெட்டியாகும்போது இது இன்னும் மோசம். தூண்டிலை ஓங்கி இழுத்து மீனைக் கொக்கியில் மாட்டுகிற அந்த நொடியில் கைப்பிடி பின்னோக்கிப் பாய்ந்தால் விரல் எலும்புக்கே ஆபத்து. உப்புநீர் உள்ளே போனாலும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். பல்சக்கரமும் நாக்கும் வைத்த பழைய பாணித் தடுப்பு துணைக்கு இருக்கிறதா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். எடையைக் குறைக்கிற ஆர்வத்தில் அதை எடுத்துவிட்ட ரீல்கள் நிறைய உண்டு.

மூன்றாவது டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நூலைக் கட்டுப்பாட்டோடு விட்டுக்கொடுக்கிற பிரேக். பெட்டியின் மேல் 20, 25 கிலோ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நூலின் தாங்குதிறனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான் டிராக் வைப்பது வழக்கம். 30 கிலோ பிரெய்டுக்கு 8, 10 கிலோ போதும். 25 கிலோ இழுவையை நின்றுகொண்டு தாங்கிப் பிடிக்கிற உடம்பும் இடுப்பும் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கின்றன? அந்தப் பெரிய எண்ணுக்கு ஒரே ஒரு பயன், 10 கிலோவில் அந்த டிராக் திணறாது என்பதுதான்.

டிராக்கில் பார்க்க வேண்டியது சூடு. ஒரு சூரை 10 கிலோ டிராக்கை எதிர்த்து 100 மீட்டர் ஓடினால் சுமார் 9,800 ஜூல் வெப்பம் அந்த வாஷர்களில் பிறக்கிறது. 100 கிராம் அலுமினியத்துக்குள் அது அப்படியே அடைபட்டால் 100 டிகிரிக்கு மேல் சூடேற்றப் போதுமானது. நடைமுறையில் பாதி வழியிலேயே ஸ்பூல் வழியாகவும் காற்று வழியாகவும் கொஞ்சம் வெளியேறிவிடும். ஆனாலும் ஃபெல்ட் வாஷர் வைத்த ரீல் இந்த இடத்தில் தோற்றுவிடும். கார்பன் வாஷர் தாங்கும். இங்கே பேசுகிற நான்கிலும் டிராக் தேவைக்கு மேல் பலமானதுதான், அதனால் இதைக் காரணமாக வைத்து ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவசியமில்லை. டிராக் குமிழுக்கு அடியில் இருக்கிற ஓ-ரிங் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியது. அது காய்ந்து வெடித்தால் தண்ணீர் நேரே வாஷர்களுக்குப் போகும். டிராக் விட்டு விட்டுப் பிடிக்க ஆரம்பிக்கும்.

இன்னொன்று: அலுமினிய உடலில் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ. இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்புநீர். அனோடைஸ் பூச்சு கீறிய இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், ஸ்க்ரூ இறுகி வராமல் அடம்பிடிக்கும். மெக்னீசியம் இதைவிடப் பலவீனம். நன்னீருக்கான ஸ்டெல்லாவின் உடல் மெக்னீசியம். பெயர் ஒன்றுதானே என்று அதைக் கடலுக்கு எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கடலுக்கு ‘எஸ்டபிள்யூ’ (சால்ட்வாட்டர், உப்புநீர்) என்று பின்னொட்டு உள்ளதை மட்டும் பாருங்கள்.

ஸ்டெல்லாவா, சால்டிகாவா

காசு இருக்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் கேள்வி இதுதான். ஷிமானோ 1921-இல் சைக்கிள் உதிரிபாகத்தில் தொடங்கிய கம்பெனி. மீன்பிடிச் சாமான்களுக்கு 1970-இல் தான் வந்தது. சைக்கிளில் கற்ற குளிர்நிலை அழுத்தமுறைதான் (கோல்ட் ஃபோர்ஜிங்) ஸ்டெல்லா கியரின் அடிப்படை. அலுமினியத்தைச் சூடாக்காமல் பெரும் அழுத்தத்தில் அச்சுக்குள் திணித்து, கியரின் உருவத்தை எடுக்கிறார்கள். பற்களை அதன் மேல் வெட்டிச் செதுக்குவதில்லை, அழுத்தத்திலேயே உருவாகிவிடுகின்றன. உலோகத்தின் இழையோட்டம் அறுபடாததால் பல்லுக்கு வலிமை கிடைக்கிறது. பற்கள் நுணுக்கமாக இருப்பதால் ஒரே நேரத்தில் பல பற்கள் சேர்ந்து பாரம் தாங்குகின்றன. கையில் தெரிகிற அந்த வழுக்கல் அங்கிருந்து வருகிறது.

அதே நுணுக்கம்தான் அதன் பலவீனமும். மணலோ உப்போ ஒரு துகள் உள்ளே போனால் பித்தளைக் கியர் அதை அரைத்துத் தள்ளிவிடும். நுண்பல் கியர் ஒவ்வொரு சுற்றிலும் அதைச் சொல்லிக்காட்டும். பிரித்துச் சேர்க்கும்போது மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் அளக்கிற, இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் வாஷர் ஒன்று இடம் மாறினால்கூட கரகரப்பு வந்துவிடும். ‘சர்வீஸுக்குக் கொடுத்த பிறகுதான் கெட்டுப்போச்சு’ என்கிற புலம்பல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இந்த ஷிம்தான் இருக்கும்.

2019-இல் வந்த ஸ்டெல்லா எஸ்டபிள்யூ தலைமுறையில் நீரைத் தடுக்க லிப் சீலும், வளைந்து வளைந்து போகிற குறுகிய பாதையும், நீரை விலக்கும் கிரீஸும் வைத்திருக்கிறார்கள். பெரிய அளவுகளில் டிராக்கின் மேல் வெப்பம் கடத்தும் தட்டும் உண்டு. இது முழுமையான மூடல் இல்லை. தெறிப்பும் அலையும் தாங்கும். மூழ்கடித்தால் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் பராமரிக்க இதைத் திறப்பது எளிது. தகுந்த ஸ்க்ரூடிரைவர், ஒரு விரிவான படம், பொறுமை, இவை இருந்தால் கைத்திறமை உள்ள ஒருவர் திறந்து, துடைத்து, கிரீஸ் வைத்து மூடிவிடலாம்.

சால்டிகாவின் வழி வேறு. டைவா 2010-இல் கொண்டுவந்த மேக்சீல் ஒரு தந்திரமான யோசனை. காந்தத்துக்கு ஒட்டிக்கொள்ளும் எண்ணெய்த் திரவத்தை ஒரு காந்த வளையத்துக்குள் நிறுத்தி, சுழலும் தண்டைச் சுற்றி ஒரு திரவச் சுவர் எழுப்புகிறார்கள். எதுவும் உரசவில்லை, ஆனால் தண்ணீரும் போகாது. அந்தத் திரவமே நாசாவில் பிறந்தது. 1963-இல் ஸ்டீவ் பாப்பெல் என்பவர் எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளை காந்தத்தால் இழுக்கலாம் என்று யோசித்துச் செய்தது. எரிபொருளுக்குப் பயன்படவில்லை, ரீலுக்கு வந்து சேர்ந்தது.

யோசனை அழகு. சிக்கல் பராமரிப்பில். அந்தத் திரவத்தோடு சாதாரண எண்ணெய் ஒரு துளி கலந்தாலும் அதன் சுவர் உடையத் தொடங்கும். ‘வருஷத்துக்கு ஒரு சொட்டு ஆயில்’ என்கிற நல்ல பழக்கமே இங்கே ரீலுக்கு எதிரியாகிவிடுகிறது. மேக்சீல் பகுதியைத் திறந்தால் மீண்டும் அந்தத் திரவத்தை நிரப்புவது கம்பெனி சர்வீஸ் மையத்தின் வேலை. 2020-இல் வந்த சால்டிகாவின் மோனோகாக் உடலும் இதே மனப்பான்மையில் அமைந்தது: பக்கத் தகடும் அதை இறுக்குகிற ஸ்க்ரூக்களும் இல்லாமல் ஒரே துண்டு உடல், பக்கவாட்டில் பெரிய திருகுமூடி ஒன்று. ஸ்க்ரூக்கள் போன இடத்தில் பெரிய கியர் வைக்க முடிகிறது. உடலும் பாரத்தில் வளைவதில்லை. விறைப்பில் சால்டிகா ஸ்டெல்லாவுக்கு ஒரு படி மேல் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அந்த மூடியைத் திறக்க அதற்கென்று தனிச் சாவி வேண்டும்.

ஆக, முடிவு உங்கள் சர்வீஸ் மையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டைவாவின் அதிகாரபூர்வ மையத்துக்கு ரீலை அனுப்பி, சில வாரங்களில் திரும்பப் பெற முடிந்தால், சீசன் முடிந்ததும் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறவராக நீங்கள் இருந்தால், சால்டிகா எடுக்கலாம். இல்லையென்றால் ஸ்டெல்லா. நான் என்றால் ஸ்டெல்லாதான். திறந்து பார்க்க முடியாத சாமானை உப்புநீருக்குக் கொண்டுபோக எனக்கு மனம் ஒப்புவதில்லை.

நீருக்குள் நிற்கிறவர்களுக்கு

வான் ஸ்டால் வேறு ஒரு தேவைக்குப் பிறந்தது. அமெரிக்காவில் லாங் ஐலண்டின் மான்டாக் முனையில், வெட்சூட் எனும் ரப்பர் உடை போட்டுக்கொண்டு இரவில் பாறைகளுக்கு நீந்திப் போய் நின்று மீன் பிடிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுடைய ரீல் கழுத்தளவு நீரில் மூழ்கும், மணலில் விழும், மறுநாளும் அதையே எடுத்துப் போவார்கள். அதற்கு ஸ்டெல்லா சரிப்படாது. 6061 ரக அலுமினியக் கட்டியைக் கடைந்து எடுத்த உடல், சுற்றிலும் ரப்பர் சீல், வேண்டுமென்றே குறைத்து வைத்த உதிரிபாகங்கள். முதல் சில மாதம் கைப்பிடி கனமாகத்தான் சுற்றும். சீல் படிந்த பிறகு கொஞ்சம் தளரும், ஒருபோதும் ஸ்டெல்லா போல ஓடாது.

பெயில் இல்லாத வகைதான் இதன் அடையாளம். வீசும்போது ஆள்காட்டி விரலால் நூலை ரோலரிலிருந்து எடுத்துவிட்டு, லூர் (செயற்கை இரை) விழுந்ததும் விரலாலேயே திரும்ப ரோலரில் சேர்க்க வேண்டும். கை பழகுகிறவரை நூல் பலமுறை நழுவும். இருட்டில், கையுறையோடு, இன்னும் பலமுறை. ஆனால் பெயில் என்பதே ஸ்பிரிங்கும் கம்பியும் திருகும் சேர்ந்த ஒரு பழுதுக் கூட்டம். வீச்சின் நடுவில் பெயில் தானாக மூடிக்கொண்டு, கனமான லூர் நூலை அறுத்துக்கொண்டு பறந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கூட்டத்தையே கழற்றி எறிந்த தைரியம் பிடிக்கும். பெயில் வேண்டும் என்பவர்களுக்கு அப்படியும் ஒரு வகை உண்டு.

இதன் குறை மூடலிலேயே இருக்கிறது. எந்த சீலும் என்றைக்கும் இருப்பதில்லை. ரப்பர் காயும், தேயும். சீல் தேய்ந்து உள்ளே போன உப்புநீர், மூடிய உடலில் வெளியே வரவும் வழியில்லாமல் தங்கிவிடும். மேலே எல்லாம் நன்றாகத் தெரியும். உள்ளே பேரிங் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே வான் ஸ்டாலைக் கழுவாமல் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சீல் மாற்ற அனுப்பியே ஆக வேண்டும். படகிலிருந்து ஜிக் இறக்குகிறவர்களுக்கு இது வீண்செலவு. அந்த மெதுவான சுழற்சியில் நாள் முழுக்க ஜிக் ஏற்றி இறக்கினால் தோள் போய்விடும்.

அப்புறம், ஸ்லாமர்

பென் 1932-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய கம்பெனி. அதன் ஸ்லாமர் IV 2021-இல் வந்தது. ஒரு ஸ்டெல்லா எஸ்டபிள்யூ விலையில் இதில் மூன்று, சில அளவுகளில் நான்குகூட வாங்கலாம். உலோக உடல், கடைந்த பித்தளைக் கியர், ஐபிஎக்ஸ் 6 மூடல்.

இந்த ஐபிஎக்ஸ் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 6 என்றால் 12.5 மில்லிமீட்டர் குழாய்முனை வழியாக நிமிடத்துக்கு 100 லிட்டர் வீதம், இரண்டரை மூன்று மீட்டர் தூரத்திலிருந்து பல திசைகளில் அடிக்கும் நீருக்குத் தாங்கும் என்று பொருள். மூழ்கடிப்புக்கு 7-உம் 8-உம் தனிச் சோதனைகள். 6 தேறினால் 7 தேறிவிட்டது என்றாகாது. 8 தேறியது 6-க்குத் தாங்கும் என்றும் ஆகாது. எல்லாச் சோதனையும் நன்னீரில், புத்தம்புது சாமானில் நடப்பவை. மூன்றாவது ஆண்டின் சீலைப் பற்றி அந்த எண் வாய் திறக்காது.

ஸ்லாமரின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஒரே வகுப்பு ஸ்டெல்லாவோடு வைத்துப் பார்த்தால் கணிசமாகக் கனம். பித்தளைக்கு அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு அடர்த்தி, அது எங்காவது காட்டத்தானே செய்யும். சுற்றும்போது லேசான முரட்டுத்தனம் உண்டு. நாள் முழுக்கப் பாப்பர் வீசினால் மணிக்கட்டு அந்தக் கனத்தை மதியத்திலேயே சொல்லிவிடும். ஆனால் கியர் அப்படி லேசில் போகாது. கிரீஸ் வறண்டாலும் பொறுத்துக்கொண்டு ஓடும். லைன் ரோலர் போனால் மாற்றும் செலவும் மனவருத்தமும் குறைவு.

சரி, எதை வாங்குவது? வருடத்தில் சில முறை மட்டும் கடலுக்குப் போகிறவர் ஸ்லாமரை வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல பிரெய்டு, இரண்டாவது ஸ்பூல், கூடுதலாக லைன் ரோலர் பேரிங் நான்கு வாங்கி வைக்கட்டும். அதே பணத்துக்கு ஸ்டெல்லா வாங்கினால் கிடைக்கிற கூடுதல் மீன் ஒன்றும் கிடையாது. கூடுதல் சுகம் உண்டு, அதற்கும் ஒரு விலை இருக்கிறது என்றால் மறுக்க மாட்டேன். வாரக்கணக்கில் தொடர்ந்து பாப்பரும் ஜிக்கும் வீசுகிறவருக்குக் கனம்தான் எதிரி. அவர் ஸ்டெல்லா எஸ்டபிள்யூவைத் தயங்காமல் வாங்கலாம், சர்வீஸ் மையம் பக்கத்தில் இருந்தால் சால்டிகாவும் சரி. இடுப்பளவு நீரில் நிற்கிறவருக்கு வான் ஸ்டால் தவிர மற்றவற்றைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் கழுவும் முறை ஒன்றே. டிராக்கை இறுக்கிவிட்டு, குளிர்ந்த நன்னீரை மென்மையாக ஊற்றுங்கள். குழாயின் முழு வேகத்தில் அடித்தால் உப்பை நாமே சீலுக்குள் தள்ளுகிறோம். தொட்டியில் முக்கி வைப்பதும் வேண்டாம். துடைத்து, காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், வாஷர்கள் அழுந்தி ஒட்டாமல் இருக்கும்.

பழைய ஸ்டெல்லா ஒன்று நல்ல விலைக்கு வருகிறது என்றால், கைப்பிடியைச் சுண்டிப் பார்க்கும் முன் மூன்று இடம் பாருங்கள். லைன் ரோலர் ஸ்க்ரூவின் தலை சிதைந்திருந்தால் யாரோ தவறான கருவியோடு திறந்திருக்கிறார்கள். ஸ்பூலைக் கழற்றிவிட்டுத் தண்டின் மேல் விரலை ஓட்டுங்கள். குழிகுழியாகத் தட்டுப்பட்டால் உப்பு உள்ளே போயிருக்கிறது. பிறகு கைப்பிடியை முன்னே சுற்றி, பட்டென்று பின்னோக்கி இழுங்கள், நாலைந்து முறை, வெவ்வேறு இடங்களில் நிறுத்தி. ஒருமுறை வழுக்கினாலும் விலையில் ஒரு முழு சர்வீஸ் செலவைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.